எண்ணாமல் தந்த தீர்ப்பு

2001 நவம்பர் 12-ம் தேதி காலை அமெரிக்கப் பத்திரிகைகள் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டன. அதற்கு ஓராண்டு முன்பு நடந்த அதிபர் தேர்தலில், ஃப்ளோரிடா மாநிலத்தில் கணக்கில் சேராமல் ஒதுக்கப்பட்ட 1,75,010 வாக்குச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்த ஆய்வு அது. எட்டுச் செய்தி நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கருத்தாய்வு மையம் வேலையைச் செய்தது. அன்று காலையே நியூயார்க்கில் ஒரு பயணிகள் விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்து நொறுங்கியது. இரட்டைக் கோபுரங்கள் சரிந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. ஆப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்தது. யார் ஜெயித்திருக்க வேண்டும் என்ற பழைய பஞ்சாயத்தைக் கிளற யாருக்கும் மனம் இல்லை. ஆய்வு வந்த வேகத்திலேயே மறக்கப்பட்டது.

மறந்திருக்கக் கூடாது. மறு எண்ணிக்கை எப்படி நடக்கக் கூடாது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சியம் இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சாட்சியத்தை முழுதாகப் படித்தால், கூண்டில் ஏற வேண்டியவர்கள் ஒரு கட்சிக்காரர்கள் மட்டும் அல்லர் என்பதும் தெரியும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000 நவம்பர் 7 அன்று வாக்குப்பதிவு. ஃப்ளோரிடாவின் 25 தேர்வாளர் வாக்குகள் யாருக்கோ அவரே அதிபர் என்ற நிலை. ஏறத்தாழ அறுபது லட்சம் வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோரைவிட 1,784 வாக்குகள் மட்டுமே முன்னால் இருந்தார். வித்தியாசம் அரை விழுக்காட்டுக்குள் வந்தால் மீண்டும் இயந்திரத்தில் எண்ண வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எண்ணினார்கள், வித்தியாசம் 327 ஆகச் சுருங்கியது. (எண்ணினார்கள் என்பதும் பெயருக்குத்தான். 18 மாவட்டங்கள் சீட்டுகளை மறுபடி இயந்திரத்தில் விடாமல், பழைய கூட்டலைச் சரிபார்த்து அனுப்பிவிட்டு எண்ணிவிட்டதாகக் கணக்குக் காட்டின என்பது பின்னால் வெளிவந்தது.) பிறகு வெளிநாட்டுத் தபால் வாக்குகள் சேர்ந்தன. சில மாவட்டங்களில் கையால் எண்ணத் தொடங்கினார்கள். நவம்பர் 26 அன்று, 537 வாக்கு வித்தியாசத்தில் புஷ் வென்றதாக மாநிலம் சான்றளித்தது.

இவ்வளவு சண்டைக்கும் காரணமான அந்தச் சீட்டைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். பல மாவட்டங்களில் வாக்குச்சீட்டு என்பது கெட்டித்தாளால் ஆன துளை அட்டை. அதில் வேட்பாளர் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. வரிசை வரிசையாக எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் கிழிந்து வரும்படி விளிம்பு வெட்டிய ஒரு சின்னஞ்சிறு கட்டம். வாக்காளர் அட்டையை ஒரு பெட்டிக்குள் செருகி, மேலே இருக்கும் பெயர்ப் புத்தகத்தைப் புரட்டி, தன் வேட்பாளருக்கு நேரே உள்ள ஓட்டையில் ஊசி போன்ற குச்சியால் குத்த வேண்டும். கட்டம் பெயர்ந்து கீழே விழும். அந்தத் துணுக்குக்கு அங்கே ‘சாட்’ என்று பெயர். பெட்டியின் அடியில் பழைய துணுக்குகள் அள்ளப்படாமல் அடைந்து கிடந்தாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை இறுகிப்போயிருந்தாலோ, கட்டம் விழாது. ஒரு மூலை மட்டும் பெயரும், அல்லது தொங்கும், அல்லது வெறுமனே புடைத்துக்கொண்டு நிற்கும். தொங்கும் சாட், கர்ப்பிணி சாட், குழி விழுந்த சாட் என்று உலகமே அப்போது ஒரு புது அகராதியைக் கற்றுக்கொண்டது. இயந்திரத்துக்கு அந்த அகராதி தெரியாது. ஒளி புகுந்தால் வாக்கு. புகாவிட்டால் வெற்றுச் சீட்டு.

வெற்றுச் சீட்டு ஒரு வகை என்றால், ஒரே பதவிக்கு இரண்டு குறி விழுந்த இரட்டைக்குறிச் சீட்டு இன்னொரு வகை. இயந்திரம் இதையும் தள்ளிவிடும். ஆய்வாளர்கள் பார்த்தவற்றில் 61,190 வெற்றுச் சீட்டுகள். 1,13,820 இரட்டைக்குறிச் சீட்டுகள். இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வாக்கைத் தள்ளக் கூடாது என்பதுதான் ஃப்ளோரிடாவின் சட்டம். நமக்கும் இது புதிதல்ல. கட்டத்தில் முத்திரை குத்தி வாக்களித்த காலத்தில் இந்திய விதியும் இதையே சொன்னது: முத்திரை மங்கியிருந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை விழுந்திருந்தாலும், யாருக்குப் போட்டார் என்பது தெரிந்தால் வாக்கு செல்லும். மேசையைச் சுற்றி முகவர்கள் மல்லுக்கட்டிய இரவுகளை மூத்த வாசகர்கள் பார்த்திருப்பார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் எண்ணம் தெளிவாகத் தெரிகிறது என்று எதை வைத்து முடிவு செய்வது? ஃப்ளோரிடாவின் சட்டம் அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாவட்ட வாரியமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொண்டது.

பிரோவர்ட் மாவட்டத்தில் நீதிபதி ராபர்ட் ரோசன்பெர்க் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியே விழி பிதுங்கப் பார்த்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக்கு இடமே இல்லை; அந்த மனிதர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார். சிரிக்க வேண்டியது பக்கத்து மாவட்டமான பாம் பீச்சைப் பார்த்து. அங்கே 1990-ல் எழுதிய வழிகாட்டுதலோடு எண்ணத் தொடங்கினார்கள். முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் சாட் செல்லாது என்பது அது. சிறிது நேரத்தில், வெளிச்சம் தெரிந்தால் செல்லும் என்று மாற்றினார்கள். மறுபடி பழைய விதிக்கே திரும்பினார்கள். அப்புறம் விதி என்று ஒன்றே இல்லாமல் போனது. கடைசியில், குழி விழுந்த சாட்டையும் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பிரோவர்ட்டின் தாராள அளவுகோலில் பாம் பீச்சைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு புதிய வாக்குகள் கிடைத்தன. எந்த அளவுகோலுக்கு யாருக்கு எத்தனை வாக்கு கூடும் என்பது தெரிந்த பிறகு அளவுகோலை முடிவு செய்தால், அந்த எண்ணிக்கைக்கு நேர்மை என்ற பெயரை யாரும் தர முடியாது. எண்ணியவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். விதியை வாக்குக்கு முன்பே எழுதி வைக்காத மாநிலச் சட்டமன்றம்தான் முதல் குற்றவாளி.

இரண்டாவது, கோரின் முகாம். எல்லா வாக்கும் எண்ணப்பட வேண்டும் என்று மேடைதோறும் முழங்கினார்கள். எழுத்தில் கேட்டதோ நான்கு மாவட்டங்களில் மட்டும்: பாம் பீச், பிரோவர்ட், மயாமி-டேட், வொலுசியா. நான்கும் அவர்கள் கட்சிக்குச் செல்வாக்கான இடங்கள். அங்கே எண்ணினால் தங்களுக்குத்தான் கூடும் என்ற கணக்கு. 67 மாவட்டங்களிலும் எண்ணலாமே என்று கோர் தொலைக்காட்சியில் ஒருமுறை சொன்னது உண்மை. புஷ் தரப்பு உடனே மறுத்ததும் உண்மை. ஆனால் அதை மனுவாக எழுதி, கடைசிவரை வாதாட அவருடைய வழக்கறிஞர்கள் முன்வரவில்லை. முழு மாநிலத்துக்கும் நியாயம் கேட்க வேண்டியவர்கள் தங்களுக்குச் சாதகமான நான்கு இடங்களைப் பொறுக்கிக்கொண்டார்கள். அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது ஆய்வில் வெளியானது, பின்னால் வருகிறோம்.

மாநிலத் தேர்தலுக்குப் பொறுப்பான செயலர் கேத்தரின் ஹாரிஸ், புஷ்ஷின் ஃப்ளோரிடா பிரசாரக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவர். ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. அவர் சான்றளிப்புக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்; ஹாரிஸ் விலகவில்லை. எதிர்த்தரப்பிலும் கை சுத்தமில்லை. கைகளால் எண்ணலாம் என்று ஹாரிஸுக்கு மாறாகக் கருத்துரை வழங்கிய மாநிலத் தலைமை வழக்கறிஞர் பாப் பட்டர்வொர்த், கோரின் ஃப்ளோரிடா பிரசாரத் தலைவர். வேலியே பயிரை மேய்ந்ததா என்று கேட்பதற்கு அங்கே வேலி என்று ஒன்று இருந்தால்தானே! பாம் பீச் வாரியம் இராப்பகலாக எண்ணி, நவம்பர் 26 மாலை ஐந்து மணிக் கெடுவுக்குப் பிறகு சுமார் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்தது. மறுநாள் காலைவரை அவகாசம் கேட்டதற்கு ஹாரிஸ் முடியாது என்றார். அவர்கள் கண்டெடுத்த வாக்குகள் கணக்கில் வரவே இல்லை.

மயாமியில் நடந்தது இதைவிட மோசம். நவம்பர் 22 அன்று, நேரம் போதாது என்று சுமார் 10,750 வெற்றுச் சீட்டுகளை மட்டும் எண்ணுவது என முடிவெடுத்து, வாரியம் ஒரு சிறிய அறைக்கு மாறியது. அறைக்கு வெளியே கூடி, கதவைத் தட்டிக் கூச்சலிட்ட கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள், வாஷிங்டனிலிருந்து வந்திறங்கிய குடியரசுக் கட்சி அலுவலகப் பணியாளர்கள். அன்றே மயாமியில் எண்ணிக்கை கைவிடப்பட்டது. கூட்டத்துக்குப் பயந்து நிறுத்தவில்லை, நேரம் இல்லாததால் நிறுத்தினோம் என்றது வாரியம். நம்புவது கடினம்.

வெளிநாட்டுத் தபால் வாக்குகளின் கதையும் இதே லட்சணம்தான். தேர்தல் நாளுக்குப் பிறகு வந்து ஏற்கப்பட்ட 2,490 வாக்குகளில் 680 குறைபாடு உள்ளவை என்று நியூயார்க் டைம்ஸ் 2001 ஜூலையில் எழுதியது. அஞ்சல் முத்திரை இல்லாதவை, சாட்சிக் கையொப்பம் இல்லாதவை, தேர்தலுக்குப் பிறகு முத்திரை விழுந்தவை. தங்களுக்குச் செல்வாக்கான மாவட்டங்களில் இவற்றை ஏற்கச் சொன்ன புஷ்ஷின் வழக்கறிஞர்கள், கோருக்குச் செல்வாக்கான மாவட்டங்களில் அதே குறைக்காகத் தள்ளச் சொன்னார்கள். ஒரே நாளில், ஒரே சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு!

இவர்கள் எல்லாரும் கட்சிக்காரர்கள். கட்சிக்காரர்கள் தங்கள் பக்கம் பார்ப்பதில் வியப்பு இல்லை. நீதிமன்றத்தின் கணக்கு வேறு.

டிசம்பர் 8 அன்று ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம், மாநிலம் முழுதும் உள்ள வெற்றுச் சீட்டுகளை உடனே கையால் எண்ணும்படி 4-3 என்ற கணக்கில் உத்தரவிட்டது. மறுநாள் சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. தலைநகர் டல்லஹாஸியின் பொது நூலகத்தில் மயாமியின் சீட்டுகளை நீதிபதிகளே உட்கார்ந்து எண்ணினார்கள். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது விசாரணை நீதிபதி வைத்த கெடு. சனி பிற்பகலே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் எண்ணிக்கையை நிறுத்தியது. நீதிபதி அன்டோனின் ஸ்காலியா காரணம் எழுதினார்: சட்டப்படி செல்லுமா என்பது சந்தேகமான வாக்குகளை எண்ணினால், புஷ் தன்னுடையது என்று கருதும் வெற்றியின் மீது நிழல் விழும், அது ஈடுசெய்ய முடியாத கேடு. வாக்கை எண்ணுவது எப்படி ஒருவருக்குக் கேடாகும் என்று மாற்றுக் கருத்தில் கேட்டார் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. மடியில் கனம் இல்லாதவருக்கு எண்ணிக்கையைக் கண்டு என்ன பயம்?

டிசம்பர் 12 இரவு பத்து மணி வாக்கில் இறுதித் தீர்ப்பு வந்தது. மாவட்டத்துக்கு ஓர் அளவுகோல் வைத்து எண்ணினால் வாக்காளர்கள் சமமாக நடத்தப்படவில்லை என்றாகிறது. அது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்றது நீதிமன்றம். இதில் பொருள் இருந்தது; ஏழு நீதிபதிகள் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் குறையை ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் ஒரே அளவுகோலை வைத்து எண்ணுங்கள் என்று திருப்பி அனுப்புவதுதானே முறை? ஐவர் மறுத்தார்கள். தேர்வாளர் பட்டியலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்க டிசம்பர் 12-க்குள் முடிக்க வேண்டும், இனி நேரம் இல்லை என்றார்கள். இரண்டு மணி நேரம் மீதி இருக்கையில் சொன்னார்கள். மூன்று நாட்களை விழுங்கியது அவர்களே போட்ட தடை என்பதைத் தீர்ப்பு பேசவில்லை. அந்தக் கெடுவும் கல்லில் செதுக்கியது அல்ல. 1960-ல் ஹவாய் மாநிலத்தில் நிக்சன் வென்றதாகச் சான்றளித்த பிறகு மறு எண்ணிக்கை நடந்தது. கென்னடி 115 வாக்குகளில் வென்றார். 1961 ஜனவரியில் புதிய பட்டியல் நாடாளுமன்றத்துக்குப் போனது. அவையின் தலைமையில் இருந்த நிக்சன், தனக்கு எதிரான அந்தப் பட்டியலைத் தானே ஏற்றுக்கொண்டார்.

இந்தத் தீர்ப்பு இந்த வழக்கின் சூழ்நிலைக்கு மட்டுமே பொருந்தும் என்றும் தீர்ப்பிலேயே எழுதி வைத்தார்கள். நாளை இன்னொருவர் இதே நியாயத்தைக் கேட்டு வரக் கூடாது என்று ஒரு நீதிமன்றம் முன்கூட்டியே கதவைச் சாத்திக்கொள்கிறது என்றால், தன் நியாயத்தின் மேல் அதற்கே நம்பிக்கை இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். அந்த ஐவரில் ஒருவரான சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வு பெற்ற பின், 2013-ல், இந்த வழக்கை எடுக்காமலே விட்டிருக்கலாமோ என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் குழுவிடம் சொன்னார். பன்னிரண்டு ஆண்டு தாமதம்.

இப்போது ஆய்வுக்கு வருவோம். 153 பேரை வேலைக்கு எடுத்தார்கள். அரசியல் சார்பு உள்ளவர்கள் வடிகட்டப்பட்டார்கள். ஒரு வெற்றுச் சீட்டை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மாவட்ட ஊழியர் சீட்டை விளக்கு மேசையில் உயர்த்திப் பிடிப்பார்; பார்ப்பவர் சீட்டைத் தொடக் கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது. வாக்கு யாருக்கு என்று தீர்ப்பளிக்கவும் அவருக்கு அனுமதி இல்லை. ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது, வெளிச்சம் தெரிகிறது, குழி மட்டும் இருக்கிறது என்று கண்ணால் கண்டதைக் குறித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த அளவுகோலை வைத்துக் கூட்டினால் என்ன விடை வரும் என்பதைப் பிறகு யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். பார்ப்பதையும் தீர்ப்பளிப்பதையும் இப்படிப் பிரித்தார்களே, அதுதான் இந்த ஆய்வின் உயிர். தேர்தல் வாரியங்களில் இரண்டையும் ஒரே ஆள், கட்சி வழக்கறிஞர்கள் காதருகே கத்திக்கொண்டிருக்க, ஒரே நேரத்தில் செய்தார். சுமார் ஒன்பது லட்சம் டாலர் செலவான இந்த வேலையை மாநில அரசோ மத்திய அரசோ செய்யவில்லை, பத்திரிகைகள் செய்தன.

விடை என்ன? கோர் கேட்ட நான்கு மாவட்டங்களில் மட்டும் முழுதாக எண்ணியிருந்தால் புஷ் 225 வாக்குகளில் வென்றிருப்பார். மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபடி வெற்றுச் சீட்டுகளை மட்டும் எண்ணியிருந்தாலும் நானூற்றுச் சொச்சம் வாக்குகளில் புஷ்தான். மாநிலம் முழுதும் ஒதுக்கப்பட்ட எல்லாச் சீட்டுகளையும், வெற்றுச் சீட்டையும் இரட்டைக்குறிச் சீட்டையும் சேர்த்து, எண்ணியிருந்தால்? எந்த அளவுகோலை வைத்தாலும், கடுமையானதோ தாராளமானதோ, கோர் வென்றிருப்பார். வித்தியாசம் 60 முதல் 171 வாக்குகள்.

கோரின் முகாம் கேட்டது கிடைத்திருந்தால் தோற்றிருப்பார்கள்; கேட்காமல் விட்டதில் வெற்றி இருந்தது. புஷ்ஷின் முகாம் உயிரைக் கொடுத்துத் தடுத்த எண்ணிக்கை அவரையே ஜெயிக்க வைத்திருக்கும். உச்ச நீதிமன்றம் எதிலிருந்து புஷ்ஷைக் காப்பாற்றுவதாக நினைத்ததோ அது நடந்தே இருக்காது. நியாயத்தைத் தேடாமல் ஆதாயத்தைத் தேடிய இரண்டு தரப்பும் தங்கள் ஆதாயத்தைக்கூடச் சரியாகக் கணிக்கவில்லை.

அறுபது வாக்கு என்பது அறுபது லட்சத்தில் மிக அற்பம் என்றும், நிதானமான அறையில் ஆய்வாளர் பார்ப்பதும் அன்றைய நெருக்கடியில் வாரியம் பார்ப்பதும் ஒன்றாகாது என்றும் சிலர் சொல்வார்கள். சரிதான். ஆய்வு மையமும் இவர்தான் வென்றார் என்று எங்கும் அறிவிக்கவில்லை. நமது வாதமும் கோர் கொள்ளை கொடுத்தார் என்பது அல்ல. யாருமே கேட்காத அந்த 1,13,820 சீட்டுகளைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அவற்றில் கணிசமானவை உண்மையிலேயே யாருக்கு என்று கண்டுபிடிக்க முடியாதவை. பாம் பீச்சில் இரு பக்கமும் பெயர்களை அடுக்கி நடுவில் ஓட்டை வைத்த சீட்டில், இடது பக்கம் இரண்டாவது பெயர் கோர். ஆனால் அவருக்குரிய ஓட்டை மூன்றாவது. இரண்டாவது ஓட்டை இன்னொரு வேட்பாளரான பாட் புக்கானனுக்கு. அந்த மாவட்டத்தில் தனக்கு விழுந்த மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் பெரும்பாலானவை தன்னுடையவையே அல்ல என்று புக்கானனே சொன்னார். முதியவர்களுக்கு எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்த வடிவமைப்பு அது. டூவல் மாவட்டத்தில் அதிபர் வேட்பாளர்களை இரண்டு பக்கத்தில் அச்சிட்டுவிட்டு, எல்லாப் பக்கத்திலும் வாக்களியுங்கள் என்று மாதிரிச் சீட்டில் அறிவுரை சொன்னார்கள். சொன்னபடி செய்தவர்களின் வாக்கு செல்லாமல் போனது. இவற்றை எந்த மறு எண்ணிக்கையும் மீட்க முடியாது.

இன்னொரு வகை இருக்கிறது. துளை அட்டைக்குப் பதிலாக வட்டத்தை நிரப்பும் சீட்டு இருந்த மாவட்டங்களில், கோரின் பெயருக்கு எதிரே உள்ள வட்டத்தை நிரப்பிவிட்டு, கீழே பெயர் எழுத விட்டிருந்த கோட்டிலும் கோர் என்று எழுதியவர்கள். சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னவர்கள். இயந்திரம் அதை இரண்டு குறி என்று தள்ளியது. புஷ்ஷுக்கும் இப்படி விழுந்தன. வாக்காளரின் எண்ணம் இதைவிடத் தெளிவாக எப்படித் தெரியும்? ஃப்ளோரிடாவின் சட்டப்படி இவை செல்லும் வாக்குகள். ஒரு மனிதர் சீட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் வேலை. சாட்டுக்குள் வெளிச்சம் தேடிய நாடு, மையில் எழுதிய பெயரைப் படிக்கவில்லை.

இப்படித் தள்ளப்பட்டவர்கள் யார்? ஃப்ளோரிடாவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாவட்டம் காட்ஸ்டன். அங்கே ஏறத்தாழ எட்டுச் சீட்டுக்கு ஒன்று தள்ளப்பட்டது. அடுத்த மாவட்டமான லியோனில் தள்ளப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. லியோனில் எண்ணும் இயந்திரம் வாக்குச்சாவடியிலேயே இருந்தது. தவறாகக் குறித்த சீட்டை வாக்காளர் கையிலேயே திருப்பிக் கொடுத்தது, அவர் புதுச்சீட்டு வாங்கிப் போட்டார். காட்ஸ்டனில் சீட்டுகள் மூட்டை கட்டித் தலைமையகம் போய் எண்ணப்பட்டன. தன் வாக்கு குப்பையில் போனது வாக்காளருக்குத் தெரியவே இல்லை. கறுப்பின வாக்காளரின் சீட்டு தள்ளப்படும் வாய்ப்பு மற்றவர்களுடையதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 2001 ஜூன் அறிக்கையில் மதிப்பிட்டது. பாம் பீச்சுக்கும் பிரோவர்ட்டுக்கும் இடையே அளவுகோல் வேறுபட்டதில் சமத்துவம் குலைந்ததாகப் பதறிய உச்ச நீதிமன்றத்தின் கண்ணுக்கு, காட்ஸ்டனுக்கும் லியோனுக்கும் இடையே குலைந்த சமத்துவம் படவில்லை. இந்தத் தேர்தலின் மிகப் பெரிய அநீதி இதுதான் என்பது நமது கருத்து.

பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவு உழைத்துச் சேர்த்த ஆய்வை வெளியிடுகையில், நீதிமன்றம் தலையிடாவிட்டாலும் புஷ்தான் வென்றிருப்பார் என்பதைத் தலைப்பாக்கி, முழு எண்ணிக்கையில் கோர் வென்றிருப்பார் என்பதை உள்ளே தள்ளின பல ஏடுகள். போர்க்காலத்தில் அதிபரின் நாற்காலியை ஆட்டிப் பார்க்கத் தயக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லை, குழம்புக்குள் வைத்தார்கள்.

பிறகு என்ன பாடம் கற்றார்கள்? துளை அட்டையை 2001-லேயே ஃப்ளோரிடா தடை செய்தது. அதற்குப் பதிலாகப் பல மாவட்டங்கள் காகிதமே இல்லாத தொடுதிரை இயந்திரங்களை வாங்கின. 2006-ல் சரசோட்டா பகுதி நாடாளுமன்றத் தேர்தலில் வித்தியாசம் 369 வாக்குகள். சரசோட்டா மாவட்டத்தில் மட்டும் சுமார் 18,000 பேரின் வாக்கு அந்தப் பதவிக்குப் பதிவாகவே இல்லை. பூதக்கண்ணாடியில் பார்க்க அட்டைகூட இல்லை. எண்ணுவதில் சிக்கல் வந்தால் எண்ணுவதற்கு எதுவுமே இல்லாமல் செய்துவிடுவது என்ற இந்த யோசனையை மாநிலம் 2008-ல் கைவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பியது.

முறையாகவும் செய்ய முடியும் என்பதற்கு மினசோட்டா உதாரணம். 2008 செனட் தேர்தலில் நார்ம் கோல்மேன் 215 வாக்குகள் முன்னால் இருந்தார். மாநிலம் முழுதும், எல்லாச் சீட்டுகளும், முன்பே எழுதப்பட்ட விதிப்படி, மக்கள் முன்னிலையில் எண்ணப்பட்டன. தகராறான சீட்டுகளை நான்கு நீதிபதிகளும் மாநிலச் செயலரும் கொண்ட குழு, இணையத்தில் நேரலையாக உலகமே பார்க்க, ஒவ்வொன்றாக முடிவு செய்தது. ஒரு குறும்புக்காரர் ஒரு சீட்டில் ‘பல்லி மனிதர்கள்’ என்று வேட்பாளர் பெயர் எழுதி வைத்திருந்தார். அதையும் ஐவரும் முகத்தைச் சுளிக்காமல் ஆராய்ந்தார்கள். முடிவில் அல் ஃபிராங்கன் 312 வாக்குகளில் வென்றார். எட்டு மாதம் ஆனது. ஆகட்டுமே.

ஆய்வு என்ற பெயரே போதாது என்பதற்கு அரிசோனா சாட்சி. 2021-ல் மாநில செனட்டின் குடியரசுக் கட்சியினர், 2020 அதிபர் தேர்தலில் மாரிகோபா மாவட்டத்தில் பதிவான இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை மறு ஆய்வு செய்ய ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். தேர்தல் ஆய்வில் முன்அனுபவம் இல்லாத நிறுவனம். அதன் தலைவர், தேர்தல் திருடப்பட்டது என்ற பிரசாரத்தை ஏற்கெனவே பரப்பியவர். ஆசியாவிலிருந்து கள்ளச்சீட்டு வந்ததா என்று தாளில் மூங்கில் நாரைத் தேடியதாகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் தேடியபின், அங்கே வென்றிருந்த பைடனின் முன்னிலை 360 வாக்குகள் கூடியதுதான் மிச்சம். சிகாகோ ஆய்வுக்கும் இதற்கும் உள்ள தூரம், முடிவைத் தேடிப் போவதற்கும் முடிவோடு போவதற்கும் உள்ள தூரம்.

சிகாகோ ஆய்வு சாத்தியமானதற்கு ஒரே ஒரு காரணம்தான்: எண்ணிய வாக்குச்சீட்டு பொது ஆவணம், கேட்கும் குடிமகனுக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும் என்ற ஃப்ளோரிடாவின் சட்டம். அந்த மாநிலத்தின் தேர்தல் முறையில் எல்லாமே கோணலாக இருந்தபோது நேராக இருந்தது இது ஒன்றுதான்.

நம்மிடம் அது இல்லை. 2016-ல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வித்தியாசம் 49 வாக்குகள். தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகள் செல்லாது என்று தள்ளப்பட்டதை எதிர்த்துத் தோற்ற வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை, தங்கள் உறுப்பினர் யார் என்ற அந்த விடை ராதாபுரம் மக்களுக்குச் சொல்லப்படவே இல்லை. வாக்குச்சீட்டு ஆகட்டும், வாக்கு இயந்திரத்தோடு அச்சாகும் ஒப்புகைச் சீட்டு ஆகட்டும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கட்டைப் பிரிக்கக் கூடாது என்பது நமது தேர்தல் நடத்தை விதி. வழக்கு இல்லாவிட்டால் குறித்த காலத்துக்குப் பின் எல்லாம் அழிக்கப்படும். ஒரு பல்கலைக்கழகமோ பத்திரிகையோ பின்னால் வந்து பார்க்க எதுவும் மிஞ்சாது.

வழக்குக் காலம் முடிந்த பிறகு ஒப்புகைச் சீட்டுகளை அழிப்பதைத் தேர்தல் ஆணையம் நிறுத்த வேண்டும். கட்சி சாராத கல்வி நிறுவனங்கள், யார் வாக்களித்தார் என்பது வெளிவராத வகையில், அவற்றைப் பார்த்து எண்ணிக்கையோடு ஒப்பிட அனுமதிக்க வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. 2024 டிசம்பரில், தேர்தல் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிடும் உரிமையைக் குறுக்கியது ஒரு விதித் திருத்தம். திறப்பதற்கும் ஒரு விதித் திருத்தம் போதும்.